'வெரி' என்ற சொல்லின் பழைய பொருள்

இன்று 'மிக' என்று மட்டுமே நாம் பொருள் கொள்ளும் 'வெரி', உண்மை என்று பொருள்படும் 'வேருஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று அறிந்த நாள் முதல், அதை அலட்சியமாகக் கையாள எனக்கு மனம் வருவதில்லை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு, அண்ணன் ஏசாவைப் போல் நடிப்பதற்காகக் கைகளில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும் தன் இளைய மகன் யாக்கோபை அருகே அழைத்து, நீ என் 'வெரி' மகன் ஏசாதானா என்று தடவிப் பார்க்க விரும்புகிறார். அங்கே அச்சொல்லுக்கு 'மெய்யான' என்பதே பொருள். 'நிஜமாகவே நல்ல மனிதர்' என்று நாம் அழுத்திச் சொல்லும்போதும் இதுதான் நிகழ்கிறது.

'மியர்' என்ற ஆங்கிலச் சொல் சென்ற பாதை வேறு. நீர் கலக்காத திராட்சை மதுவைக் குறித்த லத்தீன் 'மேருஸ்', ஆங்கிலத்தில் 'தூய', 'முழுமையான' என்ற பொருள்களில் வழங்கி, பின்னர் 'வெறும்' என்று சுருங்கிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

'உண்மையான' என்ற பொருள் தரும் 'ஜெனுயின்', 'ஆதென்டிக்' இரண்டும் அகராதியில் அருகருகே நின்றாலும், ஒருவருடைய வருத்தத்தை முதற்சொல்லால் குறிப்பதே பொருத்தம். மற்றது ஆவணத்துக்கும் கையெழுத்துக்கும் சான்று கூறும் சொல்.