புகாரும் இல்லை, ஆர்டரும் இல்லை, ஆனால் நான் திருடன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருட சர்வீஸ். ஸ்டாக் எடுத்தபோது தையல் நூல் கோனும் எலாஸ்டிக்கும் குறைகிறது என்று வந்தது. ஸ்டோர் சாவி கட்டிங் மாஸ்டரிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று உண்டு. நைட்டில் நூல் தீர்ந்தால் யாராவது திறந்து எடுத்துக்கொண்டு துண்டுச் சீட்டு வைப்பார்கள், சில நாள் அதுவும் கிடையாது. இதை யாரும் கேட்கவில்லை. மேனேஜர் வெள்ளைத்தாளை நீட்டி, "ராஜினாமான்னு எழுதிக் கொடுத்துருங்க, போலீசுக்குப் போகாம பாத்துக்கறோம்" என்றார்.

"போலீசுக்கே போங்க சார்" என்று வந்துவிட்டேன். மறுநாள் கேட்டில் செக்யூரிட்டிப் பையன், "உள்ள விட வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்கண்ணா" என்று வேறு பக்கம் பார்த்தான்.

யார் மிரட்டினாலும் அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே, "வேலைக்கு வந்தேன், தடுத்துவிட்டீர்கள், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கப் போனால் கிளார்க் மறித்தார். "டிஸ்மிஸ் ஆர்டர் காப்பி எங்கே?" வாயால் சொல்லி நிறுத்திவிட்டார்கள் என்றேன். "அப்ப கம்பெனில போய் வாங்கிட்டு வாங்க." கேட்டுக்குள்ளேயே விடாதவர்கள் ஆர்டர் கொடுப்பார்களாம்! அன்றைய பஸ் காசும் ஒரு நாள் பிழைப்பும் போச்சு.

அப்புறம் தெரிந்த யூனியன் அண்ணன் ஒருவர்தான் சொன்னார்: வாயால் நிறுத்தினாலும் அது வேலைநீக்கம்தான், 1947 தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில் தனி ஆளே மனுப் போடலாம். 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராக லேபர் கோர்ட். (2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, இப்போதைய கெடுவை விசாரித்துக்கொள்ளுங்கள்.) இஎஸ்ஐ கார்டு, பாஸ்புக் நகல் சேர்த்து அலுவலர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

கம்பெனி ஆள் வாய்தா வாங்கி வாங்கி ஒருவழியாக வந்தார். "திருட்டுன்னா எஃப்ஐஆர் எங்கே? விளக்கம் கேட்டு மெமோ? விசாரணை?" என்று அலுவலர் கேட்க, ஃபைலைப் புரட்டிவிட்டு, "அவரே நின்னுக்கிட்டாருங்க" என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டார். ஒப்புகை அட்டையை மேஜையில் வைத்தேன். கம்பெனி சீல், தேதி, மேனேஜர் இனிஷியல். அதற்கப்புறம் திருட்டுப் பேச்சே இல்லை.

மறுபடி அங்கே போக எனக்கும் மனசில்லை. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஏதோ ஒரு தொகை சொன்னார்கள். கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பழைய சட்டப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்கணும். போட்டுக் காட்டியதும் தொகை ஏறியது. "இவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை" என்ற வரிக்குத்தான் பணத்தைவிட அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எழுத வைத்தேன்.

பிஎஃப்பில் வேலையை விட்ட தேதியை அவர்கள் போடவே இல்லை. அதற்காக அலையாதீர்கள். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனதும், ஆதார் ஓடிபி வைத்து யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) போர்ட்டலில் நாமே போட்டுக்கொள்ளலாம்.