கண்டெய்னர் பட்டறை: ஜன்னலின் மேல்விளிம்பில் இனி தண்ணீர் நிற்காது

தெற்குச் சுவர் ஜன்னல் ஒருவழியாக முடிந்துவிட்டது. கூரை விளிம்பில் ஹோஸை வைத்து முழு அழுத்தத்தில் தண்ணீர் விட்டு, உள்ளே ஃபிரேமைச் சுற்றி நியூஸ்பேப்பர் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. பேப்பரில் ஓர் ஈரப்பொட்டுகூட இல்லை. 20 அடி கண்டெய்னரை மரவேலைப் பட்டறையாக மாற்றும் இந்த வேலையில், இதுவரை தைரியமாகப் பெருமை பேசக்கூடிய கட்டம் இதுதான். அஸ்திவாரம் போடுவது, ஹைட்ரா கிரேனை வைத்து இறக்குவது, ரசமட்டம் பார்ப்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதனால் நேராக ஜன்னலுக்கு வருகிறேன்.

பக்கச் சுவர் மேடும் பள்ளமுமாக மடித்த தகடு; தடிமன் வழக்கமாக 1.6 மி.மீ., மடிப்பின் ஆழம் 36 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் மேடு 72, சரிவு 68, பள்ளம் 70, மறுபடி சரிவு 68. ஆக 278 மி.மீ.க்கு ஒரு முறை இதே வடிவம் திரும்ப வரும். ஜன்னலின் அகலத்தை முடிவு செய்ய வேண்டியது இந்த 278தான், கடையில் தயாராகக் கிடைக்கும் ஜன்னலின் அளவு அல்ல. ரெடிமேட் ஜன்னலை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ப அறுத்தால், ஒரு பக்க வெட்டு மேட்டிலும் மறுபக்க வெட்டு சரிவிலும் விழும். சரிவில் விழுந்த பக்கத்தில் தகடு கோணலாக ஜன்னல் ஃபிரேமின் இரும்பு டியூபைத் தொடும். அந்த ஒடுங்கிய மூலைக்குள் வெல்டிங் ராடும் போகாது, பிரஷ்ஷும் போகாது. துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

இங்கே மேட்டின் நடுவில் தொடங்கி நான்கு மடிப்பு தள்ளி இன்னொரு மேட்டின் நடுவில் முடித்திருக்கிறேன். வெட்டு 1112 மி.மீ. ஃபிரேமின் வெளி அளவு 1109, 50×50×3 டியூப் போக உள்ளே 1009 கிடைக்கிறது. 36 மி.மீ. மடிப்பு 50 மி.மீ. டியூபின் முகத்துக்குள் அடங்கி, வெளியே 7, உள்ளே 7 மி.மீ. விளிம்பு மிஞ்சும். அந்த 7 மி.மீ.தான் பின்னால் பெரிய உதவி.

டியூப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 3 மி.மீ. என்று பில் போட்டுவிட்டு 2.5 தருவது சர்வசாதாரணம். அறுத்த முனையில் பிசிறு இருப்பதால் வெர்னியர்கூட ஏமாற்றும். நிறுத்துப் பாருங்கள்: 50×50×3 ஆறு மீட்டர் நீளம் ஏறத்தாழ 26 கிலோ இருக்க வேண்டும். 22 கிலோதான் என்றால் அது 2.5. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், எடை போடாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

அறுப்பதற்கு முன் உள்பக்கம் 40×40×5 ஆங்கிள் இரண்டு, வெட்டுக்கோட்டுக்கு 75 மி.மீ. மேலேயும் கீழேயும் படுக்கை வசத்தில் டேக் (ஆங்காங்கே புள்ளி வெல்டு) வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு அதிகமாகத் தாண்டி நிற்க வேண்டும். மடிப்புகள் செங்குத்தாக இருப்பதால் சுவருக்கு மேலும் கீழுமாகத்தான் பலம். குறுக்கே ஒரு கோடு அறுத்துவிட்டால், வெட்டு விளிம்பு ஓலை விசிறி மாதிரி விரியவும் சுருங்கவும் ஆரம்பித்துவிடும். பிறகு ஃபிரேமை உள்ளே தள்ளும்போது ஒரு முனை பொருந்தினால் மறுமுனை 10 மி.மீ. வெளியே நிற்கும். சுத்தியலால் தட்டி உட்காரவைத்தால் அந்த வளைவு சுவரில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மேடு பள்ளத்தில் நேர்கோடு போட ஸ்கேல் உதவாது. பெட்டி மட்டத்தில் இருந்தால் லேசர் லெவலின் படுக்கைக் கோடு பள்ளத்துக்குள்ளும் அதே உயரத்தில் விழும், அதைப் பிடித்து மார்க்கர் போட்டால் போதும். லேசர் இல்லையென்றால் பெட்டியின் கீழ் ரெயிலிலிருந்து (அடிச்சட்டம்) ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனியாக அளந்து புள்ளி வைக்க வேண்டும். நான்கு அங்குல கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் வீல். நான்கு மூலையிலும் 30 மி.மீ. விட்டு அறுத்து, அந்தத் துண்டுகளைக் கடைசியில் வெட்டினால் தகடு திடீரென்று விழாது. வீலைப் பிடித்து நெரிக்கவும் செய்யாது. உள்ளே தரை 28 மி.மீ. பிளைவுட். தீப்பொறிக்கு ஈரச் சாக்கு விரிக்காமல் தொடங்கக் கூடாது. வெட்டுக்கோட்டின் இருபுறமும் இரண்டு முகத்திலும் 50 மி.மீ. பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். அடியில் இருப்பது ஜிங்க் பிரைமர். வெல்டு சூட்டில் அதிலிருந்து எழும் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு நடுங்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஃபிரேமின் மேல் டியூபும் சுவரும் சேரும் இடத்தில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு தொட்டி ஆகிவிடுகிறது. பின்னால் 70 மி.மீ., முன்னால் 206 மி.மீ., ஆழம் 36. அடித்தட்டு, மட்டமாக இருக்கும் டியூபின் மேல்முகம். சுவரில் வழியும் மழைநீர் முழுவதும் பள்ளங்கள் வழியாகத்தான் இறங்கும், இறங்கி இந்த நான்கு தொட்டிகளில் தேங்கும். வெல்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் தேங்கிய தண்ணீர் அதைக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடும். துளையே இல்லாவிட்டாலும், அழுக்கும் இலையும் சேர்ந்து ஈரம் காயாமல் வெல்டை அரிக்கும். காற்றோடு சேர்ந்து அடிக்கும் வடகிழக்குப் பருவமழையில் இது இன்னும் மோசம்.

பலர் செய்வது, தொட்டி முழுக்க பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் அடைப்பது. நிற்காது. பி.யு. சீலன்ட் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம் வரைதான். 36 மி.மீ. பள்ளத்தில் மேலே தோல் கட்டி, உள்ளே பல நாள் களியாகவே கிடக்கும். அதற்குள் வெயிலில் தகடு நீண்டு சுருங்க, ஓரம் பிரிந்துவிடும். ஸ்பிரே ஃபோம் அடைத்தால் அதைவிட மோசம். அறுத்த ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும்.

சரியான வழி சாய்வுத் தகடுதான். 2 மி.மீ. தகட்டில் பள்ளத்துக்கு ஒன்று வீதம் நான்கு. சாய்வு 30 டிகிரி வைத்தேன். பின் விளிம்பு டியூபுக்கு 25 மி.மீ. மேலே பள்ளத்தின் சுவரில் ஒட்டும், முன் விளிம்பு டியூபின் வெளி முனையில் உட்காரும். சாய்வில் 36 மி.மீ. ஆழம் 42 ஆகிறது, டியூபின் 7 மி.மீ. நீட்டலுக்கு 8. மொத்தம் 50. ஆகவே வெட்டும் வடிவம் இதுதான்: பின்னால் 70, முன்னால் 206, இடையே 42 மி.மீ., முன்னால் 206 அகலத்திலேயே 8 மி.மீ. நாக்கு. முதலில் அட்டையில் வெட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்துப் பாருங்கள். பழைய பெட்டிகளில் அடிபட்டு ஒவ்வொரு மடிப்பும் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசப்படும்.

தகட்டுக்கும் டியூபுக்கும் இடையில் ஒரு முக்கோண வெற்றிடம் அடைபட்டுவிடும் என்பதால், மூடுவதற்கு முன் ஜிங்க் ரிச் பிரைமரைப் பிரஷ்ஷில் பூசி, வெல்டு விழும் ஓரத்தை மட்டும் துடைத்துவிட வேண்டும். பிறகு சுற்றிலும் இடைவெளி இல்லாத வெல்டு. 6013 ராடு 2.5 மி.மீ., 65 முதல் 75 ஆம்ப். டியூபில் சேரும் இடத்தில் ஆர்க்கை 3 மி.மீ. டியூபின் பக்கம் வைத்து, உருகியதை மட்டும் 1.6 தகட்டுப் பக்கம் இழுக்க வேண்டும். நேராகத் தகட்டில் காட்டினால் ஓட்டைதான். 20 மி.மீ. போட்டு எதிர்முனைக்குத் தாவி, அடுத்த 20. பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். கம்பியைத் தானாகவே ஊட்டும் மிக் வெல்டிங் மெஷின் இருந்தால் 0.8 மி.மீ. கம்பியில் இந்த அவஸ்தை பாதியாகக் குறையும்.

இடையில் உள்ள 72 மி.மீ. மேடுகளின் அடியில் அந்த 7 மி.மீ. படிக்கட்டில் மட்டும் பி.யு. சீலன்ட், விரலால் வெளிப்பக்கம் சாய்த்து இழுத்தது. சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. டியூபின் வெளிமுகத்தில் 20×3 ஃப்ளாட் (இரும்புப் பட்டை) ஒன்றைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டியதால், சொட்டு ஜன்னலின் மேல் விழாமல் தள்ளிப்போய் விழுகிறது. உள்பக்கம் இதே கதை தலைகீழாக நடக்கும்: வெளியே மேடாக இருப்பது உள்ளே பள்ளம், சுவரில் வேர்த்து வழிவது அங்கே தேங்கும். அதற்கு வெல்டு தேவையில்லை, இன்சுலேஷன் அந்த இடத்தை நிரப்பினால் போதும்.

இன்சுலேஷன் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் முடிவு பண்ணியாகிவிட்டது: தகட்டின்மேல் நேரடியாக ஸ்பிரே பண்ணும், தண்ணீரை உறிஞ்சாத க்ளோஸ்டு செல் (நுண்ணறைகள் மூடியிருக்கும்) பி.யு. ஃபோம். ராக்வூல் (கல்லிலிருந்து செய்யும் பஞ்சு) விலை குறைவுதான். ஆனால் தெளிவான இரவில் கூரைத் தகடு வானத்துக்கு வெப்பத்தை விட்டு, சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடிகாலையில் உள்ளே சொட்டுச் சொட்டாக வேர்க்கும். ராக்வூல் அதை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே தொங்கும், உளியும் இழைப்புளி இரும்பும் துருப்பிடிக்கும். வெயிலைத் தடுக்க, மேலே இன்னொரு ஷீட் கூரை, 300 மி.மீ. காற்று இடைவெளி விட்டு. அதன் கால்கள் பெட்டியின் நான்கு மூலை காஸ்டிங்கில் (வார்ப்புக் கட்டி) மட்டும். கூரைத் தகட்டுக்கான சோதனைச் சுமை 600×300 மி.மீ. பரப்பில் 300 கிலோதான். ஆள் ஏறி வேலை செய்யலாம், தண்ணீர் டேங்கை நடுவில் வைக்க முடியாது.

அடுத்த பெட்டி தேடுகிறவர்களுக்கு ஒன்று. ‘கார்கோ வொர்த்தி’ (சரக்கு ஏற்றத் தகுதியானது) என்று சொல்லி, கதவில் இருக்க வேண்டிய சி.எஸ்.சி. தகட்டை (பெட்டியின் பாதுகாப்புச் சான்றுத் தகடு) கழற்றிவிட்டு விற்கும் யார்டுகள் உண்டு. தகடு இல்லாத பெட்டியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தயாரித்த தேதியும், தரைப் பலகைக்கு என்ன பூச்சி மருந்து போட்டார்கள் என்பதும் அந்தத் தகட்டில்தான் தெரியும். அது தெரியாமல் தரையில் சாண்டர் ஓட்டக் கூடாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளிச்சப் புள்ளி தேடுவதை மறக்காதீர்கள்.

ஃபோமுக்கு முன் வயரிங் பைப் போக வேண்டும். முழுப் பெட்டியும் இரும்பு என்பதால் மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எர்த் பட்டையைக் கீழ் ரெயிலில் பெயின்டைச் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவப் போகிறேன். கதவுகளின் கீல் பெயின்டிலும் துருவிலும் மூழ்கியிருப்பதால் அதை நம்ப முடியாது. இரண்டு கதவுக்கும் தனித்தனியாகப் பின்னல் செம்புக் கம்பி இணைப்பு கொடுக்க வேண்டும்.