தடித்த எழுத்தில் வராத 1.2

சர்க்கரை நோய்க்கான வழக்கமான பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு எனக்கு 1.2 என்று வந்தது. ஆய்வகத் தாளில் 1.3 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்ததால் அந்த எண் தடித்த எழுத்தில் வரவில்லை. நானும் தாளை மடித்து மருந்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பின்னர் முழங்கால் வலிக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சென்றபோது, மருத்துவர் அதே தாளைப் பார்த்து, என் வயதைக் கேட்டு, ஒரு கணக்குப் போட்டு, ஓரத்தில் 53 என்று எழுதினார்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு என்பதால், ஒரே அளவு எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. முப்பது வயது ஆணுக்கு 1.2 இருந்தால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் 80-க்கு மேல் வரும். 56 வயதுப் பெண்ணான எனக்கு அது 53தான். இந்தக் கணக்கைத் தாளிலேயே போட்டுத் தராத ஆய்வகத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. மதிப்பு 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று உறுதியாகும் என்பதால், காத்திருக்கச் சொன்னார்.

அதற்கிடையே 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு. காலை ஆறு மணிக்குக் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை ஆறு மணிச் சிறுநீர் வரை அனைத்தையும் கேனில் சேர்த்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். முதல் முறை, மதியம் உறக்கக் கலக்கத்தில் கேனை மறந்துவிட்டேன். ஒரு தடவை தவறினாலும் அளவு பொய்யாகும் என்பதால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்கினேன். குளியலறைக் கதவில் 'கேன்' என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்த பிறகே வேலை முடிந்தது. புரதம் 420 மில்லிகிராம். 150-க்குள் இருந்திருக்க வேண்டும்.

முழங்காலுக்காக நானே கடையில் வாங்கி விழுங்கிவந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று கூறி, அவற்றை உடனே நிறுத்தச் சொன்னார். நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குள் என்றதும் துறைமுகத்துக் கருவாடும் வீட்டு ஊறுகாயும் போயின. சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா என்று கேட்டேன். அதில் பொட்டாசியம் சேர்ப்பார்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்று மறுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்த எண் 54. நோய் உறுதியானது, ஆனால் எண் சரியவில்லை. பொட்டாசியம் 4.6 என்று இயல்பாகவே இருந்ததால், பொட்டாசியம் நிறைந்த பண்ருட்டிப் பலாவில் நான்கு சுளைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.