ரம்பமும் ஒரு சீட்டும்

மார்ச் 4
கிடங்கில் முதல் நாள். பதவி, எர்கனாமிக்ஸ் ஒருங்கிணைப்பாளர்; அதாவது வேலையிடத்தை ஆளின் உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது. பதினோரு வருஷம் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவுபவளாக, இருந்தவளுக்கு இது வாயிலேயே நுழையவில்லை. "பிசியோவா மேடம்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மருத்துவமனையிலும் இதே கேள்விதான்.

மார்ச் 6
பேக்கிங் மேசைப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றேன். டேப் ஒட்டும் பெண்ணின் வலது கையை மட்டும் பார்த்தேன். டேப்பை இழுக்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் மடங்குகிறது, தோள் காதுக்கு ஏறுகிறது. பெட்டி உயரமாக இருந்தால் முழங்கையும் சேர்ந்து தூக்கிக்கொள்கிறது. ஒரு வேலையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் ஆக்டிவிட்டி அனாலிசிஸ். பக்கவாதம் வந்தவர் சட்டைப் பொத்தான் போடுவதையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்ச் 7
சொதப்பல். டேப் ஒட்டும் பெண்ணுக்கு மணிக்கட்டுப் பயிற்சி நாலு சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாகச் செய்து காட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், மேசைதான் உயரம்" என்றார். சுருக்கென்றது. ஆள், வேலை, சூழல் மூன்றையும் சேர்த்துப் பார் என்று படித்தவள், முதல் வாரமே ஆள்மேல் பாய்ந்திருக்கிறேன்.

மார்ச் 11
மேலாளரைப் பார்க்க எண்ணோடு போனேன். இடுப்பு வலி என்று ஆரம்பித்தால் தலையாட்டி அனுப்பிவிடுவார். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. அதில் ஒரு நிபந்தனை, கணுக்காலிலிருந்து கை வரை கிடைமட்டத் தூரம் 25 செ.மீ. தாண்டக் கூடாது. 50 ஆனால் எடை பாதி, 11.5 கிலோ. எங்கள் அலமாரியின் பின்வரிசைக்கு அளந்தால் 52. நம்பாமல் மேலாளரே அளக்கும் டேப்பை வாங்கி இன்னொரு முறை அளந்தார். அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

மார்ச் 14
நாள் முழுக்க ரிப்போர்ட். "நோயாளி" என்று அடித்து அடித்து அழித்தேன்.

மார்ச் 19
உயரம் மாற்றும் மேசைக்கால் கேட்டிருந்தேன். கிடைத்தது ரம்பம். ஒரே மேசையின் கால்களை 8 செ.மீ. அறுத்துத் தந்தார்கள். டேப் ஒட்டுபவரின் தோள் இறங்கியிருக்கிறது, முகத்தில் சிரிப்பு.

மார்ச் 20
இரவு ஷிப்ட்டில் அதே மேசையில் நிற்பவர் நெட்டை. காலையில் வந்து பார்த்தால் சீட்டு ஒட்டியிருக்கிறார்: "யார் அறுத்தது?" கிழிக்கவில்லை. படம் எடுத்து, மேலாளருக்குப் போகும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டேன்.