ரெடிக் போகலாமா? ஒரு பெஞ்சுக்காரனின் நாட்குறிப்பு

ஜூன் 6, 2024

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடர் இன்று பாஸ்டனில் ஆரம்பம். பாஸ்டன் செல்டிக்ஸ் 107, டல்லாஸ் 89. ஆட்டம் பாதியிலேயே முடிந்த மாதிரிதான். அதற்கப்புறம் நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மைக்கில் மைக் பிரீன், டோரிஸ் பர்க், ஜே.ஜே. ரெடிக்.

ரெடிக்கின் வர்ணனை எனக்குப் பிடிக்கும். பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டு, அந்தப் பக்க மூலையில் சும்மா நிற்கிறவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று சொல்லுவார். 15 சீசன் ஸ்கிரீன்களை, அதாவது சக ஆட்டக்காரர்கள் நின்று போடும் தடுப்புகளை, சுற்றி ஓடியே பிழைத்த ஷூட்டர் அல்லவா, அந்தக் கண் இருக்கத்தான் செய்யும்.

இன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்த இடம்தான் விசித்திரம். லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸ் மே மாதம் பயிற்சியாளர் டார்வின் ஹாமை நீக்கியதிலிருந்து, அடுத்த தலைமைப் பயிற்சியாளர் ரெடிக்தான் என்று ஊரே பேசியது. இன்று காலை பார்த்தால், கனெக்டிகட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டான் ஹர்லியை அவர்கள் துரத்துகிறார்களாம். இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டு மனுஷன் இரவு இறுதித் தொடருக்கு வர்ணனை சொல்கிறார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 10

ஹர்லி மாட்டேன் என்றுவிட்டார். 6 வருடம், 7 கோடி டாலர் என்று செய்தி. கல்லூரிக் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றவர், மூன்றாவதுக்காக அங்கேயே இருக்கப் போகிறார். ஆக, பந்து திரும்ப ரெடிக்கிடம்.

கல்லூரி அணியில் எங்களுக்குத் தலைவனாக இருந்தவன் போன் செய்தான். "மச்சான், டிவியில சம்பளமும் இருக்கு, தூக்கமும் இருக்கு. தோத்தா யாரும் திட்டப் போறதில்ல. எதுக்குடா இந்த வேல அவருக்கு?"

அவனுக்கு அப்படித்தான் தோன்றும். எல்லா ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கியவன் அவன். நான் பெஞ்சு, ஓரத்தில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும் மாற்று ஆள். டைம் அவுட்டில் பயிற்சியாளர் குந்தி உட்கார்ந்து பலகையில் கோடு போடுவார், ஆடுகிற ஐந்து பேரும் அவரைச் சுற்றி நாற்காலியில் இருப்பார்கள், மீதிப் பேர் பின்னால் வட்டமாக நிற்போம். எனக்குப் பலகை தெரிந்ததே இல்லை. தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்பவனின் துண்டும், பயிற்சியாளரின் உச்சந்தலையும்தான். ஆனால் அவர் எப்போது என்ன செய்யப் போகிறார் என்பதை எங்களைப் போன்ற ஆட்கள்தான் முதலில் கண்டுபிடிப்போம். அடுத்து யாரை எழுப்புவார் என்பதைத் தவிர வேறு கவலை எங்களுக்கு ஏது?

ரெடிக் போகட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அவருடைய டிவி பேச்சு அல்ல. 2006-இல், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், ஆர்லாண்டோ அவரை 11-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம், நாடே அறிந்த முகம். என்.பி.ஏ.வுக்கு வந்ததும் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சு. இரண்டாவது சீசனில் 82 ஆட்டங்களில் அவர் இறங்கியது 34-இல். அந்த உட்கார்தலிலிருந்து எழுந்து வந்த மனிதர் இவர். மைக்கைவிட அந்த நாற்காலிதான் அவருடைய தகுதிச் சான்று என்பது என் கட்சி.

ஜூன் 12

டல்லாஸில் மூன்றாவது ஆட்டம். ஆட்டத்துக்கு முன் பழைய கதைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வர்ணனையிலிருந்து வந்த பயிற்சியாளர் என்றால் முதலில் பாட் ரைலி. 1972-இல் கோப்பை வென்ற லேக்கர்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரர். ஓய்வுக்குப் பிறகு, 1977-இல், லேக்கர்ஸ் வர்ணனையாளர் சிக் ஹெர்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணனை. 1979-இல் பயிற்சியாளர் ஜாக் மெக்கின்னி சைக்கிளிலிருந்து விழுந்து படுகாயமடைகிறார். உதவியாளராக இருந்த பால் வெஸ்ட்ஹெட் மேலே போகிறார். அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், கையெட்டும் தூரத்தில் இருந்தவர் ரைலி. 1981 நவம்பரில் வெஸ்ட்ஹெட்டும் நீக்கப்படுகிறார். அன்றைய பத்திரிகையாளர் கூட்டம் ஒரு கூத்து: யார் பயிற்சியாளர் என்பதையே உரிமையாளர் ஜெர்ரி பஸ் தெளிவாகச் சொல்லவில்லை. தாக்குதலை ஜெர்ரி வெஸ்ட் பார்த்துக்கொள்வார் என்கிறார். வெஸ்ட் மைக்குக்கு வந்து, நான் ரைலிக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று விஷயத்தை முடித்துவைக்கிறார். யாருக்கும் வேண்டாத மாதிரி கைக்கு வந்த வேலை. அதில் லேக்கர்ஸுக்கு மட்டும் 4 கோப்பை.

அடுத்து ஸ்டீவ் கெர். ஆட்டக்காரராக 5 கோப்பை, பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து ஷூட் செய்தவர். டி.என்.டி. தொலைக்காட்சியில் வர்ணனை, நடுவில் ஃபீனிக்ஸில் பொது மேலாளர், திரும்ப வர்ணனை. 2014-இல் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் பயிற்சியாளர். முதல் சீசனே 67 வெற்றி, 15 தோல்வி, கோப்பை. அவர் வந்ததும் செய்த காரியம் ஆந்த்ரே இகுடாலாவை பெஞ்சில் உட்காரவைத்தது. அதுவரை ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் முதல் ஐவரில் தொடங்கியவர் இகுடாலா. அவரிடம் போய் இதைச் சொல்லவும் வேண்டும், அவர் முகம் சுளிக்காமல் சீசன் முழுக்க ஆடவும் வேண்டும். 2015 இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கியபோது நான்காவது ஆட்டத்தில் கெர் அவரையே தொடக்கத்தில் இறக்கினார். அந்த யோசனையைச் சொன்னது நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர். அதிலிருந்து மூன்று ஆட்டமும் வெற்றி, தொடரின் சிறந்த வீரர் இகுடாலா.

இதையெல்லாம் பார்த்தால் என் பெஞ்சு சித்தாந்தம் ஜொலிக்கிறது. ஆனால் குவின் பக்னர் வந்து கெடுக்கிறார். அவரும் நட்சத்திரம் அல்ல, என்.பி.சி. தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து நேராக டல்லாஸுக்கு வந்தவர். 1993-94 சீசனில் 13 வெற்றி, 69 தோல்வி. ஒரே வருடத்தில் வீட்டுக்கு. அணியும் அப்படி மோசமான அணி என்று சமாதானம் சொல்லலாம். அதற்குமேல் இழுத்தால் வழக்கறிஞர் வேலை ஆகிவிடும்.

மேஜிக் ஜான்சன் 1994-இல் 16 ஆட்டம் பயிற்சியளித்தார். 5 வெற்றி, 11 தோல்வி. போதும் என்று விட்டுவிட்டார்.

ஜூன் 20

முடிந்தது. ரெடிக்தான் லேக்கர்ஸ் பயிற்சியாளர், 4 வருட ஒப்பந்தம் என்கிறார்கள். மூன்று நாள் முன்புதான் செல்டிக்ஸ் கோப்பை வென்றதை வர்ணித்தார்.

அந்த வர்ணனை நாற்காலிக்கே ஏதோ ராசி. ஜனவரியில் அதிலிருந்து எழுந்து மில்வாக்கிக்குப் பயிற்சியாளராகப் போனவர் டாக் ரிவர்ஸ். அவர் இடத்துக்கு ரெடிக் வந்தார். இப்போது இவரும் போய்விட்டார். ரிவர்ஸுக்கு இது வாடிக்கை: 1999-இல் டிவியிலிருந்து ஆர்லாண்டோ, முதல் வருடமே சிறந்த பயிற்சியாளர் விருது, 2003-இல் நீக்கம், திரும்ப டிவி, அடுத்த வருடம் பாஸ்டன், 2008-இல் கோப்பை. அவருக்கு டிவி ஒரு காத்திருப்பு அறை. நீக்கப்பட்டால் திரும்பிவர இடம் உண்டு என்பதும் இந்த முடிவில் ஒரு கணக்குதான். "எதுக்குடா இந்த வேல" என்று கேட்டவனுக்கு அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 24

அறிமுகக் கூட்டம். இன்று அவருக்கு 40-வது பிறந்தநாளாம். என்.பி.ஏ.வில் பயிற்சியளித்ததே இல்லை என்பதை அவரே கேலியாக எடுத்துப் போட்டார். செய்ததெல்லாம் மகன் ஆடும் சிறுவர் அணிக்குப் பயிற்சி.

எனக்கு ஒன்று உறைத்தது. பயிற்சியாளரின் முக்கியமான வேலை நடப்பது டைம் அவுட்டில். அந்த நேரம் டிவியில் விளம்பரம் ஓடுகிறது. வர்ணனையாளர் தண்ணீர் குடிக்கிற நேரம் அது. மூன்று வருடம் மைக் பிடித்தவர், தான் இப்போது போகிற வேலையின் நடுப்பகுதியை ஒவ்வோர் ஆட்டத்திலும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்.

இன்னொன்று நிமிடக் கணக்கு. 48 நிமிட ஆட்டம், ஒரே நேரத்தில் 5 பேர், ஆக ஒரு ஆட்டத்துக்கு 240 நிமிடம். அணியில் 15 பேர். ஒருவருக்கு ஏற்றினால் இன்னொருவருக்கு இறக்கியாக வேண்டும். வர்ணனையாளர் இவரை இன்னும் ஆடவிட வேண்டும் என்பார். யாரைக் குறைத்து என்று சொல்ல மாட்டார். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஜூலை 8

நேட் மெக்மில்லன், ஸ்காட் புரூக்ஸ் இருவரும் உதவிப் பயிற்சியாளர்கள். இரண்டு பேருமே தலைமைப் பயிற்சியாளராக வருடக்கணக்கில் ஆயிரம் தலைவலி பார்த்தவர்கள். நல்ல காரியம்.

அக்டோபர் 22

முதல் ஆட்டம், முதல் வெற்றி. மினசோட்டாவை 110-103. எல்லோரும் பேசியது லேக்கர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸும் மகன் பிரானியும் சேர்ந்து களமிறங்கியதைப் பற்றி. அப்பாவும் மகனும் ஒன்றாக ஆடுவது என்.பி.ஏ.வில் இதுவே முதல்முறை. ரெடிக் கோட்டோரமாகக் கத்திக்கொண்டே நடந்ததை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

ஏப்ரல் 13, 2025

நடுவில் எழுதவே இல்லை. பிப்ரவரியில் நட்சத்திரப் பரிமாற்றம்: ஆந்தனி டேவிஸ் டல்லாஸுக்குப் போய் அங்கிருந்து லூகா டான்சிச் வந்தார். அதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை என்பதால் நான் விட்டுவிட்டேன். சீசன் 50 வெற்றி, 32 தோல்வி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். அனுபவமில்லாதவர் என்ற பேச்சு அடங்கிவிட்டது. தலைவன்கூட "ஆளு பரவால்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

ஏப்ரல் 27

மினசோட்டாவுடன் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் தொடர், நான்காவது ஆட்டம். இரண்டாம் பாதி முழுக்க அதே ஐவர்: லெப்ரான், லூகா, ரீவ்ஸ், ஹச்சிமுரா, ஃபின்னி-ஸ்மித். 24 நிமிடம், ஒரு மாற்றுக்கூட இல்லை.

மூன்றாம் குவார்ட்டர் வரை அற்புதம். 10 புள்ளி முன்னிலை. கடைசிக் குவார்ட்டரில் எடுத்தது வெறும் 19 புள்ளி. கால் ஓடவில்லை, ஷாட் எல்லாம் வளையத்தின் முன்பக்கம் பட்டுத் திரும்பியது. லெப்ரானுக்கு 40 வயது. 116-113, மினசோட்டா. தொடர் 1-3.

கேமரா ஒருமுறை லேக்கர்ஸ் பெஞ்சைக் காட்டியது. வார்ம்-அப் சட்டையைக் கழற்றாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உட்கார்தல் எனக்குத் தெரியும். இரண்டாம் பாதி தொடங்கும்போது முன்னால் சாய்ந்திருப்போம். கொஞ்ச நேரத்தில் முதுகு நாற்காலியில் ஒட்டிவிடும். அதற்குமேல் கூப்பிட்டாலும் உடம்பு சூடாகாது. ரெடிக்குக்கும் இது தெரியும். ஆர்லாண்டோவில் அவர் இருந்தது அங்கேதான். தெரிந்தும் ஒருவரையும் எழுப்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடாதது. நம்பிக்கையான ஐவரைத் தவிர மற்றவரை இறக்க மனம் வரவில்லை. தோல்வி தன் பெயரில் எழுதப்படும் என்றால் பெஞ்சுக்காரனும் இப்படி ஆகிவிடுகிறான்.

ஏப்ரல் 30

ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பில், மாற்றுகள் பற்றி உதவியாளர்களிடம் யோசனை கேட்பீர்களா என்று ஒரு நிருபர் கேட்டார். அனுபவமில்லை என்பதற்காகக் கேட்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டு ரெடிக் எழுந்து போய்விட்டார். கெர் 28 வயதுப் பையன் சொன்னதைக் கேட்டுக் கோப்பை வாங்கினார். இது ஒரு கௌரவப் பிரச்சினையே இல்லை.

103-96, தொடர் முடிந்தது. மினசோட்டாவின் நெட்டை ஆள் கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து பந்தைப் பிடிப்பது). தடுக்க உயரமான ஆள் இல்லை. லூகாவோடு வந்து, கால் காயத்தால் இந்த அணிக்காக இறங்கியதே இல்லாத மாக்ஸி கிளீபரைக்கூட இன்று சில நிமிடம் இறக்கினார். மூன்று நாள் தாமதமாகப் பெஞ்சு திறந்தது.

மே 2

சீசன் முடிவுச் சந்திப்பில் ரெடிக், கோப்பைக்கு வேண்டிய உடல்தகுதி எங்களிடம் இல்லை, அடுத்த சீசனுக்கு அது மாற வேண்டும் என்று பட்டென்று சொன்னார். டிவியில் இதைச் சொல்லிவிட்டு மறுநாள் வேறு ஊர் ஆட்டத்துக்குப் போய்விடலாம். இவர் அக்டோபரில் அதே ஆட்களை வைத்துப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும்.

தலைவன் மறுபடி போன். "பாத்தியா, டிவியிலயே இருந்திருக்கலாம்ல?" இல்லை என்றேன். முதல் வருடம் 50 வெற்றி எடுத்தவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான்காவது ஆட்டத்தைப் பற்றி என்ன திட்டினாலும் சரி. சென்டர், அதாவது வளையத்தடியில் நிற்கும் உயரமான ஆள், இல்லாமல் ஒருவர் எத்தனை மாற்று செய்ய முடியும்? பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸ் என்ற சென்டரை வாங்கிவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் திருப்தியில்லை என்று திருப்பி அனுப்பியதோடு சரி. அதை முதலில் லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்கா சரிசெய்யட்டும்.