மதியம் மாறிய வளையம்

ஸ்கூல் ஃபெட் (ஸ்டால் போட்டு ஆட்டங்கள் நடத்தும் பள்ளித் திருவிழா) நடந்துகொண்டிருக்கும்போது, பாதியில் ஓர் ஆட்டத்தின் வளையத்தை மாற்றலாமா? எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு கிளம்பினால் பெல் அடிக்கும்வரை ஓயாது. பாட்டில்மேல் வளையம் எறியும் ஸ்டாலில், மதியம் 10 செ.மீ. வளையத்தை எடுத்துவிட்டு 15 செ.மீ. வளையத்துக்கு மாற்றச் சொன்னவள் நான்தான். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாலைப் பார்த்துக்கொண்ட எட்டாம் வகுப்புப் பெண் அப்போதே கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் அமையவில்லை. "காலையில தோத்துட்டுப் போனவங்க வந்து கேட்டா என்ன மிஸ் சொல்றது?"

வளையம் எறியும் ஆட்டத்தில் எல்லாமே அளவுதான். அரை அங்குலத் தோட்டக் குழாயை, நூல் பின்னல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய குழாய் வளைத்த இடத்தில் மடிந்துவிடும், வட்டம் வராது. 36 செ.மீ. துண்டை வளைத்து மூட்டினால் உள்விட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. வரும், 52 செ.மீ. துண்டுக்கு 15 செ.மீ. மூட்டுவதற்கு, தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவின் உடலை 4 செ.மீ. நறுக்கி, டேப் சுற்றித் தடிமனாக்கி, இரண்டு முனைகளிலும் இறுக்கிச் செருகலாம். அதற்கு முன் குழாய்க்குள் ஒரு பருத்திக் கயிற்றை விட்டுவிடுவது நல்லது. வெறும் குழாய் பாட்டிலில் பட்டதும் துள்ளிப் போகும். கயிறு இருந்தால் தொப்பென்று விழும். மூட்டின் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் கனத்தால் எறியும்போது தள்ளாடும்.

குறிக்கு 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் அரைக் கிலோ மணல் போட்டால் சாயாது. தண்ணீர் ஊற்றினால் மூடி கசிந்து, மதியத்துக்குள் தரை வழுக்கும். ஒரு பாட்டிலின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 25 செ.மீ. இடைவெளி விட வேண்டும். நெருக்கி வைத்தால் வளையம் இரண்டு மூடிகளின் மேல் படுத்துக்கொள்ளும், விழுந்ததா இல்லையா என்று சண்டை வரும். எறியும் கோட்டைச் சாக்பீஸில் போட்டால் அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு பெஞ்சையும் குறுக்கே போட்டால்தான் யாரும் எட்டி எறிய மாட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பாட்டில் மூடி 3 செ.மீ. அகலம். 10 செ.மீ. வளையம் அதைத் தாண்டி இறங்க, வளையத்தின் மையம் மூடியின் மையத்திலிருந்து 3.5 செ.மீ.க்குள் விழ வேண்டும். 15 செ.மீ. வளையம் என்றால் 6 செ.மீ.க்குள் விழுந்தால் போதும். பரப்பளவில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 3 மடங்கு. விட்டத்தில் 5 செ.மீ. கூட்டினோம், ஜெயிக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிவிட்டது. ஸ்டால் போட்ட பிள்ளைகள் பரிசுப் பொருள்களை வாங்கி வைத்தது சின்ன வளையத்தின் கணக்கில். பெங்களூர் அவென்யூ ரோட்டில் பேரம் பேசி வாங்கி வந்த பென்சில் பாக்ஸும் ஸ்கேலும் ஃபெட் முடியும் முன்பே காலி. கடைசியில் வந்து ஜெயித்தவர்களுக்குக் கைதட்டல்தான் கிடைத்தது.

ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். யூ.கே.ஜி., ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தாத்தா பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டில்கள் பெஞ்சின் மேல் இருந்தன. அந்தக் குழந்தைகளுக்கு மூடியே கண்ணுக்கு நேராக இருக்கும். எறியும் வளையம் மேலிருந்து இறங்காமல் பக்கவாட்டில் போய் பாட்டிலின் தோளில் இடிக்கிறது. எறியும் கோட்டை முன்னால் இழுத்தாலும் இந்தக் கோணம் மாறாது. சின்ன வளையத்தில் அவர்கள் ஜெயிக்க வழியே இல்லை. வழியில்லாத ஆட்டத்துக்கு 20 ரூபாய் கூப்பன் வாங்குவது எந்த நியாயம்?

பாட்டில்களைத் தரையில் இறக்கியிருக்கலாமே என்பார்கள். இறக்கினால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது, தெரியாத ஆட்டத்துக்குக் கூட்டம் சேராது. பிள்ளைகள் யோசித்துத்தான் பெஞ்சில் வைத்திருந்தார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. வளையத்தில் மட்டும் வைத்தேன். இப்படிச் சொல்லும்போதே, எது பெரிய மாற்றம் என்று எனக்கே கேள்வி வருகிறது.

பக்கத்து ஸ்டாலில் இந்தச் சிக்கலே எழவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கம்பியில் படாமல் வளையத்தை ஓட்டும் ஆட்டம் அங்கே, பட்டால் பஸ்ஸர் கத்தும். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, 2 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி ஒரு மீட்டர். கம்பியை அலை அலையாக வளைத்து மரப்பலகையில் நிறுத்தி, பேட்டரியின் ஒரு முனையைக் கம்பிக்கும், இன்னொன்றை பஸ்ஸர் வழியாகக் கைப்பிடி வளையத்துக்கும் கொடுத்தால் முடிந்தது. பஸ்ஸரின் சிவப்பு ஒயர் பிளஸ் பக்கம் போக வேண்டும், மாறினால் சத்தம் வராது. மோட்டார் சுருளுக்குச் சுற்றும் செம்புக் கம்பியை எடுத்தால் மேலே உள்ள எனாமலைச் சுரண்டியாக வேண்டும், இல்லையென்றால் கரண்ட் பாயாது. தொடக்கத்திலும் முடிவிலும் 5 செ.மீ. நீளத்துக்கு டேப் சுற்ற வேண்டும், வளையத்தை அங்கே ஓய்வாக வைக்கலாம். காலையிலிருந்தே அங்கே இரண்டு கைப்பிடிகள் தொங்கின. பெரியவர்களுக்கு 3 செ.மீ. வளையம், சின்னவர்களுக்கு 5 செ.மீ. யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் கொடுத்த அதே சலுகைதான் அது. முதல் கூப்பன் கிழியும் முன்பே எல்லார் கண்ணிலும் பட்டது என்பதுதான் வித்தியாசம்.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4, 3, 2, 1 என்று அடுக்கி அடிக்கும் ஆட்டத்துக்குப் பேப்பர் கப் வேண்டாம், மைதானத்துக் காற்றே தள்ளிவிடும். பால் பவுடர் டின்னும் சுருட்டிய சாக்ஸ் பந்தும் சரி. பெயர்ப் பலகைக்குத் தெர்மகோலைத் தொடாதீர்கள். அலங்காரத் தெர்மகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. அட்டைப் பெட்டியை வெட்டும்போது உள்ளே உள்ள நெளிவுகள் செங்குத்தாக வரும்படி வெட்டினால் பலகை நிமிர்ந்து நிற்கும், கிடையாக வந்தால் சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும். பல்லாங்குழிக்கு முட்டை அட்டை அருமை. அதில் ஒரு வரிசைக்கு 6 குழிதான் இருக்கும், இரண்டு வரிசை வெட்டி, பக்கத்துக்கு ஒரு குழி ஒட்டினால் 14. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. ஓர் ஆட்டம் முடிய நேரமாகும் என்பதால் கூப்பன் போடாமல், வரிசையில் காத்திருப்பவர்களுக்கு வைப்பதுதான் சரி.

"ஃபெட் என்ன எக்ஸாமா மேம், நடுவுல ரூல் மாறினா என்ன?" என்று என் பக்கம் பேசுகிறார் கணக்கு டீச்சர். ஸ்டாலைப் பார்த்துக்கொண்ட அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணோ, ஆட்டம்னா எக்ஸாமைவிடக் கறாரா இருக்கணும் என்கிறாள். அடுத்த ஃபெட்டுக்குச் சிவப்பில் 10 செ.மீ., நீலத்தில் 15 செ.மீ. என இரண்டு வளையங்களும் காலையிலேயே தொங்க வேண்டும், நீலம் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கை நடுங்கும் ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வந்து நின்றால்? வகுப்புக்குப் பதில் உயரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்கிறார் பி.டி. மாஸ்டர், அதுவும் இந்தப் பிள்ளைக்கு உதவாது. யார் கேட்டாலும் நீலத்தைக் கொடுக்கலாம் என்றேன் நான். அப்படியென்றால் பரிசை மூன்று மடங்கு வாங்கப் பணம் யார் தருவார்கள் என்று அவள் கேட்கிறாள்.