தங்கச்சியோட மலேரியா மாத்திரை
2020 மார்ச் கடைசில ஏழு மெடிக்கல் ஷாப் ஏறி எறங்கி ஒரே ஒரு ஸ்ட்ரிப் ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் வாங்கிட்டு வந்தேன், கொரோனாவுக்கு நல்லதுன்னு யாரோ சொல்லப்போக ஊரே அத வாங்கி பீரோல வச்சிருச்சு. என் தங்கச்சிக்கு லூபஸ். அவளுக்கு அது தெனமும் வேணும்.

1955ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச பழைய மலேரியா மருந்துதான். ஆனா லூபஸ்ல நம்ம எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்குது இல்லையா, அத இது தணிக்குது.

"அண்ணா, மாத்திரை தீந்து போச்சுன்னா என்ன ஆகும்?"ன்னு கேட்டா. டாக்டர்கிட்ட போன்ல கேட்டோம், இந்த மருந்து உடம்புல வாரக்கணக்குல தங்கும், ரெண்டு மூணு நாள் விட்டுப்போனா பயப்படாதீங்க, ஆனா நிறுத்திடாதீங்கன்னார். நிறுத்தினா என்ன ஆகும்னு கனடாவுல சோதிச்சே பாத்திருக்காங்க, 1991ல வந்த ஆய்வு. நோய் கட்டுக்குள்ள இருந்த 47 பேர்ல 25 பேருக்கு மருந்து, 22 பேருக்கு வெத்து மாத்திரை. ஆறு மாசத்துல மருந்து சாப்பிட்டவங்கள்ல 9 பேருக்கு நோய் திரும்ப கிளம்புச்சு, வெத்து மாத்திரைக்காரங்கள்ல 16 பேருக்கு! சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு அன்னைக்கு அந்த நம்பர் வயித்த கலக்கிருச்சு.

கொரோனாவுக்கு? அதே வருஷம் ஜூன்ல இங்கிலாந்தோட 'ரெக்கவரி'ங்கற ஆய்வுல தெளிவாயிருச்சு. ஆஸ்பத்திரில சேந்தவங்கள்ல மருந்து குடுத்த 1561 பேர்ல 28 நாளுக்குள்ள எறந்தவங்க 27 சதவீதம், குடுக்காதவங்கள்ல 25. பிரயோஜனம் இல்ல. இப்படி ஒழுங்கா சோதிச்சுப் பாக்குற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

இத சாப்பிடுறவங்க கண்ண மட்டும் விட்றாதீங்க. வருஷக்கணக்குல சாப்பிட்டா விழித்திரைல படியலாம், பாதிப்பு வந்துட்டா பழையபடி ஆகாது. அதனாலதான் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறாங்க. தங்கச்சி 60 கிலோ இருந்தப்ப ஒரு நாள் 200, மறுநாள் 400. எட்டு கிலோ கொறஞ்சதும் டாக்டர் தெனமும் 200 ஆக்கிட்டார். வருஷா வருஷம் கண் டெஸ்ட் உண்டு, ஒரு கண்ண மூடி, தாடைய மெஷின்ல வச்சு, வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் பட்டன அமுக்கணும். அவ உள்ள அமுக்கிட்டு இருக்கற சத்தம் வெளிய எனக்கு கேக்கும், ரெண்டு சத்தத்துக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே எனக்கு பக்குன்னு இருக்கும். போன வாரம் போயிட்டு வந்தோம், ரெண்டு கண்ணும் நார்மல்.